95 டிகிரி காட்டுகிறது, பிராசசர் போய்விடுமா?

கேள்வி இதுதான்: லேப்டாப்பில் கேம் ஆடும்போது பிராசசரின் வெப்பநிலை 95 டிகிரி வரை ஏறுகிறது, ஃபேன் கத்துகிறது, விசைப்பலகையின் நடுவில் விரல் வைத்தால் சுடுகிறது. இப்படியே ஓட்டினால் பிராசசர் எரிந்துவிடுமா? எரியாவிட்டாலும் ஆயுள் குறைந்துவிடாதா?

எரியாது. ஆயுள் கொஞ்சம் குறையும்தான். ஆனால் அந்த லேப்டாப்பை நீங்கள் வைத்திருக்கப்போகும் காலத்துக்குள் அது உங்கள் கண்ணில் படாமலே போக வாய்ப்பு அதிகம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் "சூடு ஏறினால் சிப் செத்துவிடும்" என்று பதறுபவர்களும் சரி, "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, ஓட்டு" என்று தோளைத் தட்டுபவர்களும் சரி, டிகிரி எண்ணை மட்டுமே பார்த்துப் பேசுகிறார்கள்.

(தமிழில் 'செயலி' என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தச் சொல்லை மொபைல் ஆப்புக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் பிராசசர் என்றே எழுதுகிறேன்.)

முதலில் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது வெறும் வதந்தியில் பிறந்த பயம் இல்லை. 2001-ல் ஒரு வன்பொருள் இணையதளத்தினர் செய்து காட்டிய சோதனை மிகவும் பிரபலம். கணினி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் மேலிருந்த ஹீட்சிங்கை, அதாவது சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகப் பாளத்தை, கையால் கழற்றினார்கள். அப்போதைய ஏஎம்டி ஆத்லான் சிப்புகள் சில நொடிகளுக்குள் 300 டிகிரி வாக்கிலும் அதற்கு மேலும் ஏறிப் புகைந்து செத்தன. இன்டெல் பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. பென்டியம் 4 நிற்கவே இல்லை. வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொண்டு தள்ளாடியபடி ஓடியது. ஹீட்சிங்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. பார்த்தவர்கள் மனதில் தங்கியது புகைந்த சிப்தான். ஆனால் அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது பென்டியம் 4. அது செய்ததைத்தான் இன்று எல்லாப் பிராசசரும் செய்கின்றன, அதைவிடப் பல மடங்கு நுட்பமாக.

இன்றைய சிப்புக்குள் ஒவ்வொரு கோரிலும் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி) வெப்ப உணரிகள் பொதிந்திருக்கின்றன. நொடிக்குப் பலமுறை அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பகுதியும் உள்ளேயே இருக்கிறது. நிர்ணயித்த எல்லை நெருங்கியதும் முதலில் டர்போ வேகம், அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் தற்காலிகமாக ஏற்றிய வேகம், குறையும். வேகத்தோடு வோல்டேஜும் இறங்கும். இதில்தான் சூட்சுமம். ஒரு சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது, ஆனால் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. ஆகவே இரண்டையும் லேசாகக் கீழே இழுத்தாலே வெப்பம் மளமளவென்று குறையும். ஆங்கிலத்தில் இதற்குத் தெர்மல் திராட்லிங் என்று பெயர். அதையும் மீறிச் சூடு ஏறினால், இன்டெல் சிப்புகளில் ஏறத்தாழ 130 டிகிரிக்குப் பக்கத்தில், கடைசிக் காவல் ஒன்று இருக்கிறது: சிப் மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும், மின்சாரம் அப்படியே துண்டிக்கப்படும். விண்டோஸிடமோ லினக்ஸிடமோ அனுமதி கேட்பதில்லை. நீங்கள் சேமிக்காமல் வைத்திருந்த கோப்பைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை.

இத்தனை காவல் எதற்கு என்று தோன்றினால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்டெல் கோர் ஐ9 13900கே சிப்பின் சிலிக்கான் பரப்பு ஏறத்தாழ 257 சதுர மில்லிமீட்டர், அதாவது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அது உச்ச வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். சதுர மில்லிமீட்டருக்கு ஒரு வாட், சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட். துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டை 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 5 வாட்தான் வருகிறது. ஆக, கணினிக்குள் இருப்பது இஸ்திரிப் பெட்டியைவிட இருபது மடங்கு அடர்ந்த அனல். கூலர் வேலை செய்யாவிட்டால் அது கொதிக்க நிமிடங்கள் ஆகாது, நொடிகள் போதும். ஏதாவது ஒரு புரோகிராமைத் திறந்த மாத்திரத்தில் வெப்பநிலை 45-லிருந்து 75-க்குத் தாவி, உடனே கீழே விழுவதைப் பார்த்துப் பலர் கவலைப்படுவதுண்டு. அது கோளாறு இல்லை. சிலிக்கான் அத்தனை சின்னது, அதனால் சட்டென்று ஏறுகிறது. ஹீட்சிங்க் பெரியது, அது மெதுவாகத்தான் சுடும், மெதுவாகத்தான் ஆறும்.

சரி, எல்லை எத்தனை டிகிரி? சிப்புக்குச் சிப் மாறும். பெரும்பாலான இன்டெல் பிராசசர்களுக்கு 100, சிலவற்றுக்கு 105. ஏஎம்டி ரைசன் 5800எக்ஸுக்கு 90. ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசையில் பலவற்றுக்கு 95. இந்தக் கடைசி வரிசை வெளிவந்தபோது பெரிய கூச்சலே எழுந்தது. காரணம், பெரிய மாடல்கள் முழுச் சுமையில் 95 டிகிரிக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டன. எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் 95-தான். ஏஎம்டி சொன்ன விளக்கம், அதுதான் வடிவமைப்பு என்பது: வெப்ப இடம் மிச்சமிருக்கும்வரை சிப் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும், நல்ல கூலர் போட்டால் டிகிரி குறையாது, வேகம் கூடும். எனக்கு இந்த அணுகுமுறை அவ்வளவு பிடிக்காது. கடைசி ஐந்து சதவீத வேகத்துக்காக அத்தனை வாட் இழுப்பது ஊதாரித்தனம் என்பது என் எண்ணம். ஆனால் அது ஆபத்து என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒரே எண் ஒரு சிப்பில் "எல்லை தாண்டிவிட்டது" என்றும், இன்னொன்றில் "எல்லாம் திட்டப்படி நடக்கிறது" என்றும் பொருள்படும். எண்ணை நம்புவதிலும் ஜாக்கிரதை வேண்டும். முதல் தலைமுறை ரைசன் 1800எக்ஸ் உண்மையான வெப்பநிலையோடு 20 டிகிரியைக் கூட்டித்தான் வெளியே சொல்லும்; திரெட்ரிப்பர் 1950எக்ஸ் 27 டிகிரி கூட்டும். எல்லா மாடல்களிலும் ஃபேன் ஒரே மாதிரி இயங்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அது தெரியாமல் எத்தனை பேர் தூக்கம் கெட்டார்களோ.

இப்போது ஒரு விசித்திரமான விஷயம். உங்கள் லேப்டாப் பிராசசர் 95 டிகிரியைவிடப் பயங்கரமான சூட்டை ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தது. லேப்டாப்பில் பிராசசரை மதர்போர்டில் சால்டர் செய்துதான், அதாவது உலோகக் கலவையை உருக்கி ஒட்டித்தான், பொருத்துகிறார்கள். ஈயம் கலக்காத சால்டர் உருகவே ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். எனவே அதை உருக்கும் அடுப்புக்குள் சிப் சில நிமிடம் வெந்து, உச்சத்தில் சில நொடிகள் 240 டிகிரி வாக்கையும் தொட்டு வருகிறது. அதில் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. சிலிக்கான் உருகுவதோ 1414 டிகிரியில்.

அப்படியானால் 240-ஐத் தாங்கியவனுக்கு 105 எப்படி எல்லையாகும்? அடுப்புக்குள் போகும்போது சிப்பில் மின்சாரம் ஓடவில்லை. வித்தியாசம் அங்கேதான். சிப்பைத் தேய்ப்பது சூடு மட்டும் அல்ல. சூடு, வோல்டேஜ், மின்னோட்டம், காலம் நான்கும் கூட்டுச் சேர்ந்து தேய்க்கின்றன. 'எத்தனை டிகிரி' என்று மட்டும் கேட்டால் நான்கில் ஒன்றைத்தான் கேட்கிறோம்.

தேய்வது என்று சொன்னேனே, அது உவமை இல்லை, நிஜமாகவே நடப்பது. டிரான்சிஸ்டர்களை இணைக்கும் தாமிரக் கம்பிகள் சில பத்து நானோமீட்டர் அகலம்தான். அந்தக் குறுகலான இடத்தில் எலக்ட்ரான்கள் அடித்துப் பிடித்து ஓடும்போது, கம்பியின் உலோக அணுக்களையே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோமே, அதே கதை. ஓரிடத்தில் அணுக்கள் குறைந்து பள்ளம் விழும், இன்னோரிடத்தில் குவிந்து மேடாகும். பள்ளம் முற்றினால் கம்பி அறுந்துபோகும். மேடு முற்றினால் பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடும். எலக்ட்ரோமைக்ரேஷன் என்பது இதன் பெயர். 1960-களில் மோட்டரோலாவில் ஜேம்ஸ் பிளாக் என்பவர் இதை ஆராய்ந்து ஒரு சமன்பாடு தந்தார்; சிப் பொறியாளர்கள் இன்றுவரை அதன் அடிப்படையில்தான் கணக்குப் போடுகிறார்கள். மின்னோட்டத்தின் அடர்த்தி இரட்டிப்பானால் ஆயுள் ஏறத்தாழ கால்வாசியாகும் என்பது அதில் ஒரு பகுதி. வெப்பம் ஏற ஏற ஆயுள் அடுக்குக்குறி வேகத்தில் குறையும் என்பது மறு பகுதி.

இந்த மறு பகுதியில்தான் நமக்கு அக்கறை. இவ்வகைத் தேய்மானங்கள் நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடைக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகளில் ஒன்று 0.7 எலக்ட்ரான் வோல்ட். அதை வைத்துக் கணக்கிட்டால், 70 டிகிரியில் ஓடும் சிப்பைவிட 80 டிகிரியில் ஓடும் சிப் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகத் தேயும். "பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்ட விதி இங்கிருந்துதான் வருகிறது. 80-க்கும் 100-க்கும் இடையே பார்த்தால் மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு.

கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பாதி என்பது எதில் பாதி என்று கேட்க வேண்டும். சிப் தயாரிப்பில் ஒரு வழக்கமான சோதனை உண்டு: மாதிரிச் சிப்புகளை 125 டிகிரியில், வழக்கத்தைவிட உயர்த்திய வோல்டேஜில், 1000 மணி நேரம் விடாமல் ஓட்டுவார்கள். ஒன்றரை மாதம் இரவு பகலாக அந்த அடுப்பில் இருந்து உயிரோடு வெளியே வரும் வடிவமைப்புதான் விற்பனைக்குப் போகும். பல வருடம் ஓயாமல் ஓட வேண்டும் என்ற கணக்கில் மிச்சம் வைத்துச் செய்த பொருளை, நீங்கள் நாளுக்கு இரண்டு மணி நேரம் 95 டிகிரியில் ஓட்டுகிறீர்கள். மீதி நேரம் அது 45, 50 டிகிரியில் சும்மா கிடக்கிறது அல்லது அணைந்திருக்கிறது. அந்தச் சிப் தேய்ந்து ஓய்வதற்கு முன் லேப்டாப்பின் கீல் உடையும், பேட்டரி உப்பும், நீங்களே சலித்துப்போய்ப் புதிது வாங்கிவிடுவீர்கள்.

டிரான்சிஸ்டரும் முதுமையடையும். வருடக்கணக்கில் வோல்டேஜும் சூடும் பட்டுப் பட்டு அது 'ஆன்' ஆகத் தேவையான வோல்டேஜ் மெல்ல ஏறிக்கொண்டே போகும். முன்பு 1.2 வோல்ட்டில் ஒழுங்காக ஓடிய வேகத்துக்கு இப்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். தயாரிப்பாளர்கள் இதை எதிர்பார்த்துத் தொடக்கத்திலேயே கூடுதல் வோல்டேஜை மிச்சமாக வைக்கிறார்கள். அந்த மிச்சம் தீர்ந்துபோனால்? சிப் ஒரேயடியாகச் சாகாது. திடீரென்று நீலத்திரை வரும், கேம் காரணமில்லாமல் மூடிக்கொள்ளும், பெரிய ஜிப் கோப்பை விரித்தால் பிழை காட்டும். மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து விண்டோஸை மூன்று முறை நிறுவிப் பார்ப்போம்.

இதற்கு அண்மைக் கால உதாரணம் கண்முன்னே இருக்கிறது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் பல சில மாதங்களிலேயே இப்படித் தடுமாறின. கேம் ஆடுபவர்களுக்கு "வீடியோ மெமரி போதவில்லை" என்றெல்லாம் சம்பந்தமே இல்லாத பிழைச்செய்தி வந்தது, பாவம் கிராபிக்ஸ் கார்டைக் குற்றம் சொன்னார்கள். 2024 செப்டம்பரில் இன்டெல் மூல காரணத்தை அறிவித்தது: கோருக்குள் கடிகாரத் துடிப்பைக் கடத்தும் ஒரு சுற்று, உயர்ந்த வோல்டேஜும் வெப்பமும் சேரும்போது சீக்கிரம் முதுமையடைந்துவிடுகிறது. அதற்கு முந்தைய மாதமே பிராசசர் கேட்கும் வோல்டேஜை 1.55-க்கு மேல் போகவிடாத மைக்ரோகோடு (சிப்புக்குள்ளேயே ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தத்தை வெளியிட்டிருந்தார்கள். உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். திருத்தம் புதுச் சிப்புகளைக் காப்பாற்றியது. ஏற்கெனவே தேய்ந்தவை தேய்ந்தவைதான். கவனியுங்கள், இந்தச் சிப்புகள் 100 டிகிரி எல்லையைத் தாண்டி ஓடவில்லை. காவல் எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. லேசான சுமையில் ஓரிரு கோர்கள் உச்ச வேகத்துக்குத் தாவும்போது ஏறிய வோல்டேஜும் இந்த வேலையைச் செய்தது. டிகிரியை மட்டும் கண்காணித்துக்கொண்டிருந்தவருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரிந்திருக்காது.

2023-ல் சில ரைசன் 7800எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டோடு கருகியதும் இதே ரகம். கூலர் நன்றாகவே இருந்தது. மதர்போர்டுகள் சிப்பின் ஒரு பகுதிக்கு அளவுக்கு மீறி வோல்டேஜ் கொடுத்துவிட்டன. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் பயாஸில் (மதர்போர்டைத் தொடக்கத்தில் இயக்கும் மென்பொருள்) கட்டிப்போட்டது.

அடுத்தது, பலரும் யோசிக்காத ஒன்று: சூடாக இருப்பதைவிடச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி வருவது. ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பத்து லட்சத்தில் 2.6 பங்கு விரியும். அது உட்கார்ந்திருக்கும் பலகை ஏறத்தாழ 15 பங்கு விரியும். இருவரும் ஒரே வேகத்தில் விரிவதில்லை, நடுவில் மாட்டிக்கொண்ட சால்டர் மணிகள்தான் இழுபடுகின்றன. ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும் அல்லவா, அதே மாதிரி. எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் பெட்டியை வைத்திருந்தவர்களுக்கு, அது பழுதானால் எரியும் சிவப்பு வளையம் நினைவிருக்கும். 2007-ல் மைக்ரோசாஃப்ட் அதன் உத்தரவாதத்தை மூன்று வருடமாக்கி, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டிவந்தது. காரணம் சிப்புக்குள் சிலிக்கான் கருகியது அல்ல. ஏறி இறங்கும் சூட்டில் இணைப்புகள் விரிசல் விட்டதுதான். அடுத்த வருடமே என்விடியா தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகளில் ஏற்பட்ட இதே போன்ற இணைப்புக் கோளாறுக்காக 19.6 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதியது. அந்தக் காலத்தில் செத்துப்போன கிராபிக்ஸ் போர்டை வீட்டு அவனில் வைத்து 'பேக்' செய்தால் உயிர் வரும் என்று ஒரு வைத்தியம் பரவியது. வரும், சில வாரத்துக்கு. விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. உணவு வைக்கும் அவனில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

பிராசசரின் அக்கம்பக்கத்தாரையும் மறக்கக் கூடாது. சூட்டில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் அவர்கள்தான். மின்பகு கெபாசிட்டர் என்று சொல்லப்படும் உருளை வடிவ கெபாசிட்டருக்குள் திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல வற்றும். சாதாரண ரகங்களுக்கு 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று அதன் மேலேயோ தரவுத்தாளிலோ போட்டிருப்பார்கள். அதைவிடப் பத்து டிகிரி குறைவாக வைத்தால் ஆயுள் இரட்டிப்பாகும். லேப்டாப்பில் பேட்டரியும் அதே அனலுக்குள் கிடக்கிறது. லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரியே அதிகம், அதுவும் முழுச் சார்ஜில். பிராசசருக்கு 95 ஒரு பொருட்டில்லை என்று நான் சொல்வதைப் பேட்டரி கேட்டால் என்னை அடிக்க வரும்.

இவ்வளவும் ஏட்டுக் கணக்கு. நேரில் பார்த்தது ஒன்றைச் சொல்கிறேன். நான்கு வருடம் ஓடிய ஒரு லேப்டாப் என் மேசைக்கு வந்தது. "பிராசசர் போய்விட்டது, எதைத் திறந்தாலும் ஆமை வேகம்" என்றார் உரிமையாளர். ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் வேலை கொடுத்ததும் 99 டிகிரி, வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ். அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் சுத்தமாகவே இருந்தது, அதுதான் ஏமாற்றும். ஃபேனைத் தனியே எடுத்தபோதுதான், அதற்கும் செப்புக் குழாய் முடிவில் இருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில், காற்று வெளியேறும் வாயை அடைத்தபடி சாம்பல் நிறத்தில் ஒரு திரை. ஃபெல்ட் துணி மாதிரி கெட்டியாக, ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் முழுசாக உரிந்து வந்தது. தூசியும் துணி நூலும் முடியும் நான்கு வருடமாக நெய்த துணி. பிராசசர் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிர்ந்தது. நடுப்பகுதியில் பேஸ்டே இல்லை, சிலிக்கான் கண்ணாடி போல் பளபளத்தது. சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, மூடி, அதே சுமையைக் கொடுத்தேன். 81 டிகிரி, 3.1 கிகாஹெர்ட்ஸ். மாதக்கணக்கில் 99 டிகிரியில் வெந்த அந்தச் சிப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அத்தனை நாளும் ஆமையாக ஊர்ந்திருக்கிறது.

இன்னொன்று என் கைவரிசையே. புதிதாகக் கூட்டிய டெஸ்க்டாப் ஒன்று, பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போதே 90-ஐத் தாண்டி எகிறி அணைந்தது. இரண்டு மணி நேரம் வயரையும் பம்ப்பையும் சந்தேகப்பட்டுவிட்டுக் கூலரைக் கழற்றினால், அடித்தட்டில் "பொருத்தும் முன் உரிக்கவும்" என்று எழுதிய பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. அந்தப் பிராசசர் இன்னும் ஓடுகிறது.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது டிகிரியைவிட வேகத்தை. எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற ஒரு கண்காணிப்பு மென்பொருளை ஓடவிட்டு, வழக்கமாக ஆடும் கேமை இருபது நிமிடம் ஆடுங்கள். பிறகு உச்ச வெப்பநிலையோடு கோர்களின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 95 டிகிரியில் நின்றாலும் அந்தப் பிராசசரின் அடிப்படை வேகத்துக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தால், கூலர் தன் வேலையைச் செய்கிறது. அடிப்படை வேகத்துக்கும் கீழே விழுந்தால், அல்லது முன்பு 85 காட்டிய அதே கேம் இப்போது 97 காட்டினால், உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. லினக்ஸ் ஆட்கள் கர்னல் பதிவில் 'திராட்டில்டு' (throttled) என்ற சொல்லைத் தேடினால் போதும். விண்டோஸில் நிகழ்வுப் பதிவில் கர்னல் பிராசசர் பவர் 37 என்று வந்தால், ஃபர்ம்வேர் வேகத்தைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று பொருள். எச்சரிக்கையே இல்லாமல் பொசுக்கென்று அணைந்தால் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது கடைசிக் காவல் வேலை செய்ததன் அடையாளமாக இருக்கலாம், அல்லது மின்சாரம் தரும் பகுதியின் கோளாறாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, கீழே காற்று போக வழி விடுங்கள்; மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து ஓட்டாதீர்கள். தூசியை ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று வேகத்தில் சுழலவிட்டால் பேரிங் கெடும். பேஸ்டை மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது வீண் வேலை. பயாஸ் திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் போடுங்கள், ஏன் என்று மேலே சொன்ன இரண்டு கதைகளே சொல்லும். அப்புறம், விண்டோஸின் பவர் அமைப்பில் உச்ச பிராசசர் நிலையை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான லேப்டாப்பில் டர்போ நின்றுவிடும். வெப்பம் பத்துப் பதினைந்து டிகிரி இறங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்; பல கேம்களில் வேகம் குறைந்ததே தெரியாது.

ஒரே ஒரு விஷயத்தில் எச்சரிக்கை. வேகம் குறைகிறதே என்று எரிச்சலில் சிலர், ஒரு மென்பொருளில் 'பிடி பிராக்ஹாட்' என்ற பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடச் சொல்வார்கள். பிராசசரைத் தவிர மற்ற பாகங்கள், உதாரணமாக மின்சாரம் தரும் சுற்று, "எனக்குச் சூடு தாங்கவில்லை, நீ வேகத்தைக் குறை" என்று பிராசசரிடம் சொல்லும் வழி அது. உணரி பழுதாகி, எதுவும் சூடாகாமலே அந்தச் சமிக்ஞை வந்துகொண்டிருந்தால் அணைப்பதில் நியாயம் உண்டு. உண்மையிலேயே சூடாக இருக்கும்போது அணைத்தால், பிராசசர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். கத்திக்கொண்டிருந்த பக்கத்துப் பாகம்தான் கருகும். அது கருகினால் மாற்ற வேண்டியது முழு மதர்போர்டு.

உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். எத்தனை வருடம் பழையது என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்குள் என்றால் திறக்க வேண்டாம், இருபது நிமிடச் சோதனையை மட்டும் செய்து வேகத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கேமில் அதே அளவோடு ஒப்பிடலாம். மூன்று வருடத்துக்கு மேல் ஆகி, ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்றால், பிராசசரை விட்டுவிட்டு முதலில் அந்தத் தகடுகளுக்குப் பின்னால் இருக்கும் சாம்பல் துணியை உரித்துப் போடுங்கள்.